நாற்பத்தெட்டு வண்டிகளும் மூன்று சுற்றும்

ஜூன் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இது வேலைதானா என்று அக்காவுக்கு இன்னும் சந்தேகம். காலையில் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே விசாரணை நடத்தினாள்.

"வீடியோ கேமா? அதுல ஒனக்கு என்னளா சோலி?"

"அதுல ஓடுத வண்டியள வகை பிரிக்கணும். வகைக்குப் பேரு வைக்கணும்."

"பேரு வைக்கதுக்குச் சம்பளம் தாராவளா? எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் நான் சும்மால்லா வச்சேன்."

பீளமேட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் கம்பெனி. நடத்துகிறவர் ஹசீனா மேடம். நாற்பது வயதிருக்கும். நடக்கும்போதே பேசி, பேசும்போதே முடிவெடுத்துவிடுவார். இதற்கு முன் நான் ஏழு வருடம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன் என்று சொன்னதுமே, "வண்டி வகை தெரிஞ்ச ஆளத்தான் தேடிட்டு இருந்தேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் பார்த்த வண்டிகளுக்கெல்லாம் இன்ஜின் இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

விளையாட்டு இதுதான். சின்னச் சின்ன வண்டிகளில் ஏறிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளியபடி வளைந்து வளைந்து போகும் பாதையில் மூன்று சுற்று ஓட வேண்டும். வண்டிகள் எல்லாம் நம்மூர்ச் சாமான்கள். சக்கரம் வைத்த கிரைண்டர், சக்கரம் வைத்த கட்டில், ஒற்றைச் செருப்பு, பலாப்பழம், தண்ணீர் லாரி என்று மொத்தம் நாற்பத்தெட்டு. எந்த வண்டி எப்படி ஓடும் என்பது வகையின் பெயரைப் பார்த்ததுமே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதுதான் என் வேலை.

நாற்பத்தைந்து நாள் பரீட்சை. ஜூலை 17 அன்று மேடம் முடிவு சொல்வார். வேண்டாம் என்றால் ஆலங்குளத்தில் சித்தப்பாவின் அரிசி மில்லில் மூட்டைக்குச் சீட்டெழுத வேண்டியதுதான். தவிட்டைப் பார்த்தாலே எனக்குத் தும்மல் வரும். இங்கே முதல் நாளே நான்கு முறை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். எனக்கு இந்த இடம் வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். என் கைக்குத் தெரிந்த முறையில்தான் எழுத வந்தது.

இட்லிக் குண்டான்: மூன்று சக்கரம், போக்குவரத்து அல்லாத வாகனம், இருக்கை ஒன்று.
மினி பஸ்: நான்கு சக்கரம், போக்குவரத்து வாகனம், தகுதிச் சான்று தேவை.
பலாப்பழம்: இதர.
ஒற்றைச் செருப்பு: இதர.

இப்படியே நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று 'இதர'வில் போய் விழுந்துவிட்டன. மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இதர-ங்கற வார்த்தைய இனி இங்க எழுதக் கூடாது வடிவு. ஒரு குப்பைத்தொட்டி வச்சா எல்லாம் அங்கதான் போகும்."

படம் வரைகிற ஜெபஸ்டின் மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தான். வண்டிகளுக்கு எடையும் வேகமும் கொடுக்கிற புரோகிராமர் சென்னியப்பன் சிரிக்கவில்லை. "பலாப்பழத்துக்குத் தகுதிச் சான்று வேண்டாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். கிண்டலா, சந்தேகமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை.

ஜூன் 6, வியாழன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அக்கா வைதாள். அதைத் துடைக்கும்போதுதான் விளங்கியது: சக்கரத்தை எண்ணி ஒரு பயனும் இல்லை. இடித்தால் வண்டி என்ன செய்யும் என்பதுதான் விஷயம். அது குணம். குணத்துக்குத் தமிழில் பெயருக்கா பஞ்சம்?

ஆபீசுக்கு ஓடிப்போய்ப் பலகையில் எழுதினேன்.

அவசரக்குடுக்கை: எடை குறைவு. சட்டென்று கிளம்பும், தொட்டால் பறந்து போய் விழும்.
சமத்து: எல்லாம் அளவாக. புதிதாக விளையாட வருகிறவர்களுக்கு.
கல்லுளிமங்கன்: கிளம்பவே நேரமாகும். கிளம்பிவிட்டால் யார் இடித்தாலும் நகராது.

 மேடம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, "இதுதான், இதேதான்" என்றார். சென்னியப்பன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது எங்கப்பாவுங்க" என்றார். அவருக்கும் பேச வரும் என்று தெரிந்துகொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

பெயர் வைத்தாயிற்று. எந்த வண்டி எந்தப் பெயருக்குக் கீழே என்பதில்தான் சண்டை. இந்த ஆபீசில் சண்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாய்ப்பேச்சு கூடாது. சண்டை போடுகிற இருவரும் உட்கார்ந்து மூன்று சுற்று ஓட்ட வேண்டும். வாதாடுகிறவர் அந்த வண்டியையே ஓட்டலாம், எதிராளி எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜெயித்தவர் சொன்ன வகை நிற்கும். முன்பு ஜெபஸ்டினும் சென்னியப்பனும் வருடக்கணக்கில் முட்டிக்கொண்டதைப் பார்த்து மேடம் போட்ட சட்டமாம்.

எனக்கு டிராக்டரைச் சமத்தில் வைக்க வேண்டும். சென்னியப்பன் கல்லுளிமங்கன் என்றார். மூன்று சுற்று. நான் முதல் சுற்றில் எதிர்த் திசையில் போய்விட்டேன். ஏழு வருடம் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள், எதிர்த் திசையில்.

ஜூன் 14, வெள்ளி

ஐந்து சண்டை, ஐந்து தோல்வி. இன்று பிரஷர் குக்கருக்காகத் தோற்றபோது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கீழே அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார், அங்கிருந்துதான் வந்திருக்கும். சென்னியப்பன் கைக்குட்டையை நீட்டினார். தூசிதான் என்றேன். "சரிங்க" என்றார்.

கைக்குட்டை இங்கே என்னிடம் இருக்கிறது. துவைத்துத் தர வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

ஜெயித்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோ அவசரக்குடுக்கை என்று நிலைநாட்டினேன். கடைசி வளைவு வரை சென்னியப்பன்தான் முன்னே. திடீரென்று அவர் வண்டி வேகம் குறைந்தது, நான் பக்கவாட்டில் நுழைந்து கோட்டைத் தாண்டிவிட்டேன். நாற்காலியோடு இரண்டு சுற்றுச் சுற்றினேன். மேடம் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சென்னியப்பனும் சிரித்தார். தோற்றவர் சிரிப்பது பெரிய மனசு.

வீட்டுக்கு வரும் வழியில் அக்காவுக்கு முருங்கைக்காய் வாங்க மறந்து, கொத்தமல்லியை வாங்கி வந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்றும் ஜெயித்தேன். ஐஸ் வண்டி.

ஜூன் 20, வியாழன்

மினி பஸ், கட்டில். இரண்டிலும் நான்தான்.

அக்காவிடம் சொன்னேன். "ஒனக்கு ஸ்கூட்டியே ஒழுங்கா ஓட்டத் தெரியாதேளா" என்றாள். உள்ளே ஒளிந்துகிடந்த திறமை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று விளக்கினேன். என் கட்டைவிரலில் ஏதோ இருக்கிறது. விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று பெரிய சண்டை, தண்ணீர் லாரிக்கு. அது அவசரக்குடுக்கை என்கிறேன் நான். லாரித் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் ஊருக்குள் எப்படிப் பறப்பார்கள் என்று கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த வண்டியைச் சாலையில் எப்படி ஓட்டுகிறார்களோ அதுதான் அதன் குணம். என் பட்டியல் முழுக்க அந்த நியாயத்தில்தான் நிற்கிறது.

"எடை ஒன்பதாயிரம் போட்டிருக்கனுங்க" என்றார் சென்னியப்பன்.

"எடைய யாரு கேட்டா? எதுக்க வந்தா ஒதுங்குதமா இல்லியா?"

"ஒதுங்கறமுங்க."

"பெறவென்ன?"

மூன்று சுற்று. ஜெயித்தேன். இதோடு என் வெற்றிகள் ஒன்பது. அவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் என் எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். தொடர்ந்து தோற்கிறவரிடம் இரக்கம் வேண்டும் அல்லவா? அவர் கொண்டுவந்த பருப்பு சாதம் நன்றாகவே இல்லை. முழுவதும் சாப்பிட்டேன்.

ஜூன் 29, சனி

பதினொன்று.

ஜூலை 3, புதன்

சனிக்கிழமை முதல் சோதனை. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்து விளையாடுவார்கள். விளையாட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகிற பெங்களூர் கம்பெனியிலிருந்து அனுபமா என்பவரும் வருகிறார். மேடம் என் மேசைக்கு வந்து, "லிஸ்ட் உன் பொறுப்பு. பிள்ளைங்க உக்காந்து ஆடினா நீயும் இங்க உக்காரலாம்" என்றார்.

பச்சைப் புடவையை இஸ்திரிக்குப் போட்டேன். சென்னியப்பனுக்குப் பச்சை பிடிக்கும் என்று ஜெபஸ்டின் சொன்னான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 6, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பெயர்களைப் பார்த்ததுமே பிள்ளைகள் சிரித்தார்கள். "டேய், நீ கல்லுளிமங்கன்டா" என்று ஒருவன் இன்னொருவனை இடித்தான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பந்தயம் ஆரம்பித்தது. அவசரக்குடுக்கை என்று நம்பித் தண்ணீர் லாரியை எடுத்தார்கள். அது கிளம்பவே இல்லை. மற்ற வண்டிகள் பாலம் தாண்டிய பிறகு மெல்ல நகர்ந்தது. சமத்து என்று நம்பி எடுத்த மினி பஸ் எல்லோரையும் நசுக்கிக்கொண்டு போனது. "மிஸ், பேர்ல ஏமாத்தறாங்க" என்றாள் ஒரு சிறுமி. இரண்டாவது பந்தயத்திலேயே இருபத்தாறு பேர் எழுந்து ஜன்னலோரம் போய்விட்டார்கள்.

அனுபமா குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு வண்டிகள் தப்பான வகையில் இருக்கின்றன, அடுத்த சனிக்கிழமை மறுபடி வருகிறேன் என்று. அந்தப் பதினொன்றும் நான் ஜெயித்தவை.

ஜூலை 8, திங்கள்

ஜெபஸ்டின் பழைய பந்தயங்களின் பதிவைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு ஆட்டத்தையும் அந்தக் கணினி எழுதி வைத்துக்கொள்ளுமாம். எனக்கு இது தெரியாது. தவறு எங்கே என்று தேடத்தான் போட்டான்.

ஷேர் ஆட்டோ பந்தயம். கடைசி வளைவில் சென்னியப்பனின் வண்டி பிரேக் பிடிக்கிறது. ஐஸ் வண்டிப் பந்தயம். எல்லைக்கோட்டுக்கு இரண்டு அடி முன்னால் நிற்கிறது. கட்டில் பந்தயத்தில் பின்னால் போகிறது. தண்ணீர் லாரிப் பந்தயத்தில், சாலையின் இடது ஓரம் ஒதுங்கி, இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, ஒரு புளியமரத்தடியில் காத்திருக்கிறது. நான் தள்ளாடித் தள்ளாடி வந்து தாண்டிய பிறகு மெதுவாகப் பின்னால் வருகிறது.

ஜெபஸ்டின் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும்கூட அந்த இண்டிகேட்டரைப் பார்த்தபோது ஒரு நொடி சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம்.

"ஏன் இப்படிப் பண்ணுனிய?"

சென்னியப்பன் கீபோர்டைப் பார்த்துப் பேசினார். "நீங்க ஜெயிச்சா சிரிக்கறீங்க. அதானுங்க."

"என் வேலையக் காவு குடுத்து என் சிரிப்பப் பாத்தியளாக்கும்."

"பேரைத்தானுங்க விட்டுக்கொடுத்தேன். எடைய மாத்த மனசு வரலீங்க."

அதாவது பலகையில் என் வகை, உள்ளே அவர் எடை. பிள்ளைகள் ஏமாந்தது இதில்தான். என்னிடம் நேருக்கு நேர் சண்டை போட்டிருந்தால் நான் கற்றுக்கொண்டிருப்பேன். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல ஜெயிக்கக் கொடுத்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அதைவிட, என் கட்டைவிரல்களைப் பற்றி அக்காவிடம் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து காது சுட்டது.

"பதினொண்ணையும் மறுபடி ஓட்டணும். இனி ஒரு தடவ விட்டுக்கொடுத்தியன்னா ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றேன்.

"சரிங்க" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

பேசவில்லை. கைக்குட்டையை அவர் மேசையில் வைத்தேன். மாலை பார்க்கும்போது அது என் மேசையில் இருந்தது.

ஜூலை 11, வியாழன்

பதினொரு பந்தயமும் முடிந்தது. ஒன்பதில் தோற்றேன். செருப்பிலும் கட்டிலிலும் ஜெயித்தேன். இரவு ஒவ்வொன்றின் பதிவையும் போட்டுப் பார்த்தாயிற்று, பிரேக் இல்லை. ஆக, என் கட்டைவிரல்கள் மொத்தத்துக்கும் மோசமில்லை. தினமும் பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பழகுகிறேன். வளைவுக்கு முன்பே திருப்ப வேண்டும் என்பது ஐந்து வாரம் கழித்து விளங்குகிறது.

ஒன்று மட்டும் கவனித்தேன். அவர் முந்துகிறார், ஆனால் இடிப்பதில்லை. பக்கத்தில் வந்தால் ஒதுங்கிப் போகிறார். இடித்துத் தள்ளுவதற்காகவே செய்த விளையாட்டு இது. ஜெபஸ்டினை மட்டும் மதிய ஆட்டத்தில் ஏழு முறை ஆற்றில் தள்ளினார்.

ஜூலை 13, சனி

இரண்டாவது சோதனை. பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. கூட்டிப்போக வந்த ஆசிரியை வாசலில் அரை மணி நேரம் நின்றார். மகிழ்ச்சியில் எனக்கு மூச்சு முட்டியது.

ஆனால் பாதையில் நாற்பது வண்டிதான். பந்தயத்தில் யார் ஜெயித்திருந்தாலும் எந்த வகையிலும் ஒட்டாத எட்டு வண்டிகளை எடுத்து வைத்திருந்தோம். தண்ணீர் லாரி, பால்கேன் வண்டி, மணல் டிராக்டர், பூக்கூடை சைக்கிள் எனச் சுமை ஏற்றுகிற வண்டிகள். போகிற போக்கில் மூன்று பிள்ளைகள், "தண்ணி லாரி எங்க மிஸ்?" என்று கேட்டார்கள். அதைத் திட்டித் தீர்த்தவர்கள்தான். "அது ஓடாதே" என்றேன். "ஓடாது, ஆனா தண்ணி சிந்தும்ல" என்றான் ஒருவன்.

அனுபமா நாற்பத்தெட்டு வேண்டும் என்றார். பதினேழாம் தேதி பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

காலையில் சமையல் கேஸ் புக் பண்ணினேன். அக்காவின் ஸ்கூட்டிக் காப்பீட்டுக்காக ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தபோது, கண்ணில் பட்டது. ஏழு வருடம் நான் ஆயிரக்கணக்கான படிவங்களில் நிரப்பிய இரண்டு கட்டங்கள். சரக்கு வண்டி என்றால் அதற்கு ஒரு எடை கிடையாது. இரண்டு எடை உண்டு. சுமை ஏற்றாத எடை ஒன்று, ஏற்றிய எடை ஒன்று.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"தண்ணி லாரி கெளம்பும்போது கல்லுளிமங்கன். ஒவ்வொரு வளைவுலயும் சிந்தும். சிந்தச் சிந்த எடை கொறையும். கடைசிச் சுத்துல அது அவசரக்குடுக்கை. எட்டு வண்டியும் அப்படித்தான். நாலாவது வகை வேணும்."

"பேரு?" என்றார் மேடம்.

"ரெண்டுங்கெட்டான்."

ஜெபஸ்டின் கைதட்டினான். சென்னியப்பன் தலையை ஆட்டினார், ஆனால் வேண்டாம் என்று. "ஒரே பந்தயத்துல ஒரு வண்டி குணம் மாறினா பிள்ளைங்க மறுபடி ஏமாத்தறோம்னுதானுங்க சொல்லும். தொட்டிக்கு மூடி போட்டு, எட்டையும் கல்லுளிமங்கன்ல வச்சிரலாமுங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

மேடம் இருவரையும் பார்த்தார். "புதன்கிழமை காலைல மூணு சுத்து. ஒளிவுமறைவு வேண்டாம் வடிவு, சொல்லிடறேன். இதுவரைக்கும் சென்னி போட்ட எடைதான் சரியா வந்திருக்கு. நாலாவது வகை நின்னா நீ நிக்கற. நிக்கலேன்னா லிஸ்ட்டையும் அவரே பாத்துக்கட்டும், எனக்குத் தனியா ஒரு ஆள் வேண்டாம்."

சென்னியப்பனின் முகம் வெளுத்துப் போனது. என் முகம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நாள் முழுவதும் சென்னியப்பன் சிந்துகிற தண்ணீருக்கு எடை கொடுத்துக்கொண்டிருந்தார். லாரி சாய்கிற அளவுக்கு நீர் கொட்டும், கொட்டுகிற அளவுக்கு எடை குறையும். அவருக்குப் பிடிக்காத யோசனைக்கு இவ்வளவு சுத்தமாக வேலை செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. சாயந்திரம் படிக்கட்டில் நின்றார்.

"நாளைக்கு நான் என்ன பண்ணட்டுங்க?"

"ஓட்டுங்க."

"ஜெயிச்சா நீங்க ஊருக்குப் போயிருவீங்க."

"விட்டுக்கொடுத்தாலும் போயிருவேன்."

மருந்துக்கடை மூடுகிற வரை இருவரும் நின்றோம்.  அக்கா சித்தப்பாவிடம் போனில் பேசியிருக்கிறாள், மில்லில் இடம் தயாராம். நான் சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது. மில்லை நினைத்து மட்டும் இல்லை. நாளை அவர் இண்டிகேட்டர் போட்டுவிடுவாரோ என்றுதான் அதிக பயம்.

ஜூலை 17, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். 

பத்து மணி. நான் தண்ணீர் லாரி. அவர் கிரைண்டரை எடுத்தார், இருப்பதிலேயே பெரிய கல்லுளிமங்கன். மேடமும் ஜெபஸ்டினும் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

முதல் சுற்றில் என் லாரி ஊர்ந்தது. கிரைண்டரே என்னை முந்திப் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சிந்தியது. இரண்டாம் சுற்றில் பாதித் தொட்டி காலி. நொய்யல் பாலத்துக்கு முன்னால் அவரைப் பிடித்துவிட்டேன். பாலத்தின் மேல் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில்.

அவர் ஒதுங்கவில்லை.

பாலத்தின் பாதி தூரம் அப்படியே என்னோடு வந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு கிரைண்டரைத் திருப்பி, முழு வேகத்தில், கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் என் லாரியை இடித்தார். கைப்பிடிச் சுவர் உடைந்து, நான் மூன்று குட்டிக்கரணம் அடித்துத் தலைகீழாக ஆற்றில் விழுந்தேன்.

என் வேலை தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. நானோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒருவர் சரிசமமாக நினைத்து ஆற்றில் தள்ளிவிட்டார். ஆலங்குளத்துக்குப் போனாலும் இதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தவிட்டில் தும்மலாம் என்று தோன்றியது.

விழுந்த வண்டியைக் கிரேன் தூக்கிப் பாதையில் வைக்கும். வைத்தது. விசையை அழுத்தினேன். லாரி பறந்தது. நான் திகைத்துப் போய்ப் பார்த்தால், தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. தலைகீழாகக் கவிழ்ந்தபோது மொத்தத் தண்ணீரும் கொட்டிவிட்டது. ஒரே இடியில் என்னைக் கல்லுளிமங்கனிலிருந்து அவசரக்குடுக்கை ஆக்கிவிட்டார் மனுஷன்.

மூன்றாம் சுற்று முழுவதும் ஜெபஸ்டின் என் நாற்காலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தான். கடைசி வளைவுக்கு முன்பே திருப்பினேன். கிரைண்டரின் உள்பக்கமாக நுழைந்து, கோட்டை ஒரு சாண் முன்னால் தாண்டினேன்.

 மேடம் முதலில் பதிவைப் போடச் சொன்னார். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை பார்த்தோம். சென்னியப்பன் ஓரிடத்தில்கூட பிரேக்கைத் தொடவில்லை.

"கவுந்தா அத்தனையும் கொட்டும்னு நான் யோசிக்கவே இல்லீங்க" என்றார் அவர். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. தோற்றதில் அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருந்தது. அந்தக் கோபத்தைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மேடம் பலகையில் நான்காவது பெயரைத் தன் கையால் எழுதி, எட்டு வண்டிகளையும் அதன் கீழே போட்டுப் பெங்களூருக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, "வடிவு, நாளையிலிருந்து லேட்டா வந்தா சம்பளம் பிடிப்பேன்" என்றார். அது எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. அக்காவுக்குப் போன் செய்தேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குத் தெரியாமல், "ஏளா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று பதறினாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். எனக்குச் சென்னியப்பன் மேல் ஆசை. ஜூன் மாதத்திலிருந்தே. இங்கே முன்னால் உள்ள பக்கங்களில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

சாயந்திரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் இன்னும் அந்தக் கடைசி வளைவைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் லாரி எடுத்துக்கறனுங்க. நீங்க கிரைண்டர்" என்றார், என்னைப் பார்க்காமலே.

"பாலத்துல வச்சுத் தள்ளிவிட்ருவேன், பாத்துக்கிடுங்க."

இப்போது திரும்பிப் பார்த்தார்.

"தள்ளுங்க" என்றார்.